ஆடிக்கூழும் பட்டாளத்து அண்டாவும்

2023 ஜூலை 20, வியாழக்கிழமை. ஆடி நான்கு. மழை இல்லை, மலைப்பக்கம் மட்டும் மேகம்.

விழித்ததும் நாட்காட்டியில் தாளைக் கிழித்தேன். குளித்து, திருநீறு பூசி, பாலில்லாத காப்பி குடித்து, சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்றும் கறுப்புப் பேனா ஒன்றும் செருகிக்கொண்டேன். நீலம் எங்கள் கடைக்கு, கறுப்பு பட்டாளத்துக்கு. முகாமில் நீல மையை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று முன்பு ஒருவர் சொன்னார். அப்படி ஒரு விதியே கிடையாது என்று பின்னால் இன்னொருவர் சொன்னார். நான் வழக்கத்தை மாற்றவில்லை.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கராக இருக்கிறேன். ஊருக்கு வெளியே உள்ள ஒரு பட்டாள முகாமுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போகின்றன. வாரத்தில் மூன்று நாள் சரக்கு போகும். லாரியோடு நானும் போவேன். லாரி ஓட்டுபவரைத் தனியாக அனுப்பினால் முகாம் வாசலில் காவலுக்கு நிற்பவர்களோடு பந்தாட்டம் பேசிவிட்டு மத்தியானம்தான் திரும்புவார் என்று முதலாளி நினைக்கிறார். நினைப்பது சரிதான்.

முந்தின நாள் பொது விடுமுறை என்பதால் அன்று சரக்கு அதிகம். அங்கே முதலில் இறங்க வேண்டியதை இங்கே கடைசியில் ஏற்ற வேண்டும். முட்டை கடைசியாக ஏறியது. முகாம் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்தோம். கண்ணாடி கட்டிய கம்பை லாரிக்கு அடியில் விட்டுப் பார்த்தார்கள். இத்தனை வருடங்களில் எங்கள் லாரிக்கு அடியில் எண்ணெய்க் கசிவைத் தவிர எதையும் அவர்கள் கண்டதில்லை. அதையும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நல்ல பிள்ளைகள்.

ஸ்டோருக்குள் நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வழக்கமாக என்னைக் கண்டதும் ஏதாவது கிண்டல் செய்யும் ஸ்டோர் சார்ஜன், சுவரோரமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். சார்ஜண்ட்டை இங்கே சார்ஜன் என்போம். அவர் நம் ஆள், தமிழர், வயது நாற்பதைத் தாண்டியவர். இருபத்தோரு வருட சேவை முடிந்து அன்றோடு ஓய்வு. அவரிடமிருந்து பொறுப்பை ஏற்க வந்திருந்த மலாய்க்காரப் பெண் சார்ஜன் தரையில் மண்டியிட்டு அகப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

"அண்ணே, இங்க வாங்க," என்று சார்ஜன் என்னை முட்டை அட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப் போனார். "எல்லாம் சரியா இருக்கு. கரண்டி, தட்டு, அடுப்பு, தார்ப்பாய், எல்லாம் சரி. அந்த அண்டா ஒண்ணுதான். அது இல்லாம இவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. இவங்க போடலன்னா நான் வெளிய போக முடியாது."

"முதலாளிகிட்ட பேசலையா?"

"பேசுனேன். அடுத்த வாரம் பாப்போம்னாரு. ஒரு வருஷமா அவருக்கு அடுத்த வாரம் வரவே இல்லண்ணே."

"சரி, நாலு நாள் கூட இருந்தா என்ன?"

"ஞாயித்துக்கிழமை சித்தியவான்ல தங்கச்சி மகளுக்குக் காது குத்துலா! நான்தான் தாய்மாமன், மடியில ஒக்கார வைக்கணும். மூத்தவளுக்குக் குத்துறப்ப நான் கடல் தாண்டி சபா மாநிலத்துல இருந்தேன். ரெண்டாவதுக்குப் பயிற்சி. இது கடைசிப் பிள்ள. தங்கச்சி என்னா சொல்லிட்டா தெரியுமா? 'இந்தத் தடவயும் நீ வரலன்னா, ஒன் படத்த நாக்காலியில வச்சு அது மேல பிள்ளைய ஒக்கார வச்சிருவேன்'னா."

இதைச் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

அண்டாவின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் முதலாளி, கோப்பெங் போகும் வழியில் இருக்கும் ஒரு பழைய தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குத் தலைவர். ரப்பர் மரங்கள் போய்விட்டன. பாதி நிலத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதியில் வரிசை வீடுகள், நடுவில் கோவில். போன வருடம் ஆடி முதல் வெள்ளிக்கு முந்தின நாள், கூழ் காய்ச்சும் பித்தளை அண்டா அடியில் விரிசல் விட்டுவிட்டது. முதலாளி சார்ஜனிடம் கெஞ்சி, முகாமிலிருந்து பெரிய அலுமினிய அண்டா ஒன்றையும் நான்கு அகப்பைகளையும் மூன்று நாள் கடனுக்கு வாங்கினார். கடன் சீட்டில் கையெழுத்தும் போட்டார்.

அண்டாவை லாரியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீபாராதனை நேரம். லாரியிலிருந்து அது இறங்கியதைப் பார்த்த பூசாரி, முதலாளி கோவிலுக்கு அண்டா கொடுக்கிறார் என்று நினைத்துவிட்டார். தலையில் பரிவட்டம் கட்டினார், மாலை போட்டார். ஒலிபெருக்கியில் அறிவிப்பும் வந்துவிட்டது. முதலாளி வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். அதே நேரம் மேளத்தை ஆரம்பித்தார்கள். மேளம் நின்றபோது அவர் வாய் மூடியிருந்தது. அண்டா விஷயத்தில் அது அந்த வியாழன்வரை திறக்கவில்லை.

அடுத்த மாதம் அண்டாவின் வயிற்றில் மஞ்சள் பட்டை அடித்து, அதன்மேல் சிவப்பு எழுத்தில் 'உபயம்' என்றும், அதற்குக் கீழே முதலாளியின் அப்பா பேரையும் அவர் பேரையும் எழுதிவிட்டார்கள். நம் கோவில்களில் மின்விசிறியின் இறக்கையில்கூடக் கொடுத்தவர் பெயர் இருக்கும். விசிறி சுற்றும்போது படிக்க முடியாது என்பதால் சிலர் அதைப் போடவே விடுவதில்லை. அண்டாவைச் சும்மா விடுவார்களா?

மாதாமாதம் சார்ஜன் கேட்பார், முதலாளி மழுப்புவார். பதிவில் 'கடனில் உள்ளது' என்று எழுதி சார்ஜன் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார். இப்போது ஓட்ட வழியில்லை.

புதியவர் எழுந்து வந்தார். கையில் ஓர் அகப்பை. அகப்பைகளில் ஒன்று அதிகமாக இருக்கிறது என்றார். குறைவாக இருந்தால் எவ்வளவு தவறோ, அதிகமாக இருந்தாலும் அவ்வளவு தவறு. அந்தக் காம்பில் ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன என்று என்னிடம் கேட்டார். பார்த்தேன். கோவில் அகப்பை. உபயம் என்று போட்டு, தோட்டத்தில் கணக்கு எழுதிக் காலமான ஒரு கிராணியாரின் குடும்பப் பெயர். போன வருடம் கடன் அகப்பைகளைத் திருப்பி அனுப்பியபோது இதுவும் சேர்ந்து வந்திருக்கிறது.

கொடுத்தவர் பெயர் என்று மலாயில் விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். நாங்களும் எல்லாப் பொருளிலும் எழுதுகிறோம், ஆனால் பொருள் யாருடையது என்று எழுதுவோம், யார் கொடுத்தது என்று எழுதுவதில்லை என்றார். எழுதியிருந்தால் பட்டாளத்திலும் தகராறு அதிகமாகியிருக்கும் என்று தோன்றியது.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அண்டா இங்கே வர வேண்டியதில்லை. அது இருக்கும் இடத்தில் போய் அவர் பார்க்கலாம். அதில் குத்தியிருக்கும் பட்டாள எண் பதிவோடு ஒத்துப்போனால், கடனில் இருப்பதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவார். ஆனால் எண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் இன்று மாலைக்குள். பிறகு, எப்படியும் அது பழைய அண்டா, கைக்கு வந்தால் கழித்துக்கட்டிவிடுவோம் என்றும் சொன்னார். எறிவதற்காகவாவது அது இருக்கிறதென்று தெரிய வேண்டும்.

வெளியே வந்து முதலாளியைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். அவர் கோவிலில் இருந்தார். மறுநாள் ஆடி முதல் வெள்ளி.

"பாத்துட்டுப் போகட்டும், அதனால என்ன," என்றார். "ஆனா யாருக்கும் தெரியாம பாக்கச் சொல்லு."

"முதலாளி, அவங்க சீருடையில வாராங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பச்ச ஜீப்பா?"

"பச்ச ஜீப்புதான்."

"கோவில் வாசல்ல நிறுத்த வேணாம். செம்பனைப் பக்கமா நிறுத்தச் சொல்லு."

சரக்கு இறக்கி, எடை பார்த்து, கறுப்புப் பேனாவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். எங்கள் லாரி முன்னால், இரண்டு சார்ஜன்களும் ஏறிய ஜீப் பின்னால். செம்பனைப் பக்கம் சேறு என்பதால் ஜீப் கோவில் வாசலில்தான் நின்றது.

கோவிலுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகைதான் சமையல்கட்டு. அதன் பொறுப்பு ஓர் அக்காவிடம் இருக்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அங்கே ஒரு பகுதியையே அதட்டி நடத்துபவர், ஆடி மாதம் விடுப்பு எடுத்து இங்கே வந்து அதட்டுவார். அண்டாவைத் தேய்த்து, மஞ்சள் பூசி, கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தார். உள்ளே கேழ்வரகு மாவு கரைத்துப் புளிக்க வைத்திருந்தது. விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே வரை மாவு. அதை அசைக்கக்கூட முடியாது.

முதலாளி அண்டாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சரியாகச் சொன்னால், தன் பெயருக்கு முன்னால். முதுகால் அதை மறைத்துக்கொண்டு, வந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தலைவரே, தள்ளி நில்லுங்க, வேட்டியெல்லாம் மஞ்ச," என்றார் அக்கா. பிறகு ஜீப்பைப் பார்த்தார். "யாரு இது? பட்டாளத்துல கூழு கேட்டு வந்துட்டாங்களா?"

"சும்மா பாக்க வந்துருக்காங்க," என்றார் முதலாளி.

"எத?"

"அண்டாவ."

"அண்டாவப் பாக்க ரெண்டு சார்ஜனா?"

புதியவர் கொட்டகைக்கு வெளியே நின்று, அனுமதி கேட்டு, பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அண்டாவைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எண் இல்லை. இன்னொரு முறை நடந்தார். விளிம்பைத் தடவினார். சார்ஜன் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஞாயிற்றுக்கிழமை போய்க்கொண்டிருந்தது.

எனக்கு அது எங்கே இருக்கும் என்று தெரியும். முகாமில் இதே மாதிரி இன்னோர் அண்டா இருக்கிறது. வாரம் மூன்று முறை அதன் பக்கத்தில் நின்றுதான் சீட்டு எழுதுகிறேன். இடது கைப்பிடிக்கு நான்கு விரல் கீழே எண் இருக்கும். இங்கேயும் இடது கைப்பிடிக்குக் கீழே நான்கு விரல் வைத்துப் பார்த்தேன். 'உபயம்' தப்பியது. அதற்குக் கீழே, முதலாளியின் அப்பா பேர் தொடங்கும் இடத்திலிருந்து முதலாளி பேர் முடியும் இடம்வரைதான் எண் இருக்க வேண்டிய இடம்.

"இதுக்கு அடியிலதான்," என்றேன்.

"பின்னாலப் பாரேன்," என்றார் முதலாளி மெதுவாக.

"பின்னால இருக்காது, முதலாளி."

"பாக்கறதுல என்ன?"

பின்னாலும் பார்த்தோம். இல்லை.

சாயத்தைச் சுரண்ட வேண்டும் என்று புதியவர் மலாயில் சொன்னார். இது பட்டாளத்துச் சொத்து என்றும் கூடவே சொன்னார். கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் மலாய் தெரியும். உரிப்பது நின்றது. முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார்.

"என்னா, இது பட்டாளத்து அண்டான்னா?" என்றார் அக்கா. "அதான் தெரியுமே."

முதலாளி நிமிர்ந்தார். "தெரியுமா?"

"போன வருஷம் மொத மொத கழுவுனதே நான்தானே. பட்டாளத்து நம்பரு பெருசா குத்தியிருந்துச்சு. சாமிக்குன்னு வந்த பொருள் திரும்பிப் போயிரக் கூடாதுன்னு நான்தான் சாயம் அடிக்கிற பையன்கிட்ட சொன்னேன், 'நம்பரு மேலயே தலைவர் பேர எழுதுடா, அழகா பெருசா எழுது'ன்னு."

"அப்ப… மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும். பூசாரிக்கு மட்டும் ஒரு வாரம் கழிச்சுத் தெரியும்."

"ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"ஒங்களுக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சோம்! யாரோ ஏமாத்தி ஒங்க தலையில பட்டாளத்து அண்டாவக் கட்டிட்டாங்க, பாவம், காசு குடுத்து வாங்கிருப்பாரு, மால போட்ட மனுசன்கிட்ட போயி எப்படிச் சொல்றதுன்னு கூட்டத்துலயே பேசுனோம். நீங்க அன்னிக்கு வரல."

ஒரு வருடமாக முதலாளி அந்தக் கொட்டகைக்குள் வரும்போதெல்லாம் இவர்கள் பேச்சை மாற்றியிருக்கிறார்கள். இவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசி அவரும் பேச்சை மாற்றியிருக்கிறார். அந்தக் கொட்டகையில் அந்த வருடம் முழுக்க வானிலையைப் பற்றி அவ்வளவு பேசியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முதலில் சிரித்தது சார்ஜன். பிறகு வெங்காயப் பெண்கள். புதியவருக்கு யாரோ மலாயில் சொன்னார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பைப் பார்த்தார்.

"சரி, சொரண்டலாமா?" என்றார் சார்ஜன். "மண்ணெண்ண இருக்கா?"

"மண்ணெண்ணெயா! மாவு உள்ள இருக்கு. வாடை ஏறுச்சுன்னா நாளைக்கு ஊரே ஒன்னத் தேடி வரும்," என்றார் அக்கா. மாவின்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினார். தேங்காய்ச் சில்லு எடுக்கும் மொட்டைக் கத்தியை நீட்டினார். சார்ஜன் அதை வாங்கப் போனார். முதலாளி எழுந்து வந்து குறுக்கே கை நீட்டினார்.

"குடு. என் பேரு. நானே சொரண்டுறேன்."

அண்டாவுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முதலில் அப்பா பேர்மேல் கத்தியை வைத்தார், எடுத்துவிட்டார். தன் பேரின் கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தார். நல்ல சாயம், லேசில் வரவில்லை. "கோவில் காசுல இவ்வளவு ஒசத்தி சாயம் யாரு வாங்குனா?" என்று கேட்டார். வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தான் என்று அக்கா சொன்னார். அவர் கத்தியை இன்னும் அழுத்தினார்.

எழுத்து எழுத்தாகப் போயிற்று. அடியில் அலுமினியம் தெரிந்தது, அதில் ஒவ்வோர் எண்ணாகத் தெரிந்தது. புதியவர் குனிந்து கோப்போடு ஒப்பிட்டார். மிச்சமிருந்த ஓர் எண் அப்பா பேருக்கு அடியில் இருந்தது. முதலாளி கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு அதையும் சுரண்டினார். எல்லா எண்ணும் ஒத்துப்போயின.

இப்போது அண்டாவில் மேலே சிவப்பில் 'உபயம்' இருந்தது. அதற்கு நேர் கீழே பட்டாளத்து எண்.

"நல்லாதான் இருக்கு," என்றார் அக்கா. "அப்படியே இருக்கட்டும்."

புதியவர் படம் எடுத்தார். பொருளுக்குப் பொறுப்பானவர்களும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார். நம் ஆட்களுக்குப் படம் என்றால் போதும். முதலாளி துண்டைச் சரிசெய்தார், அக்கா முந்தானையை இழுத்துவிட்டார், வெங்காயப் பெண்களும் வந்து நின்றார்கள். பட்டாளப் பதிவில் இப்போது அந்த அண்டாவோடு ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஒருவர் கையில் கத்தி.

ஆடி முடியும்வரை கடன் நீட்டிப்பு. அதன்பின் அண்டா முகாமுக்குப் போய்க் கழிவாக வேண்டும். புதுச் சீட்டில் யார் கையெழுத்து என்ற கேள்வி வந்தபோது முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேனாவின் மூடியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். "என் பேர எழுதுங்க," என்றார் அக்கா மலாயில். "ஆனா போன வருஷத்துலேர்ந்து எங்க அகப்பை ஒண்ணு அங்க இருக்கு. அத மொதல்ல குடுங்க, புவான்." 'புவான்' என்ற மரியாதையைக் கேட்டதும் புதியவர், கையோடு கொண்டுவந்திருந்த அகப்பையை ஜீப்பிலிருந்து எடுத்துவரச் சொன்னார். பெற்றுக்கொண்டதற்கு அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கினார். எனக்கு அவர்மேல் மதிப்பு இன்னும் கூடியது.

கடைசியாக, புதியவர் சார்ஜனின் ஒப்படைப்புத் தாளை அண்டாவின் மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கறுப்பு மை. சார்ஜன் அதை வாங்கி, காய்வதற்காக ஊதினார். பந்துமுனைப் பேனா மையை ஊத வேண்டியதில்லை. ஆனாலும் நெடுநேரம் ஊதிக்கொண்டிருந்தார்.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் முதலாளி எங்கள் லாரியில் ஏறிக்கொண்டார். லிட்டில் இந்தியா பக்கம் வந்ததும் இறங்கிக்கொள்கிறேன் என்றார். பாத்திரக் கடை மூடுவதற்குள் போக வேண்டுமாம்.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, முதல் வேலையாகச் சார்ஜனைச் சித்தியவான் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இரண்டு பெட்டி, ஒரு சுருட்டிய பாய். சீருடை இல்லாமல் கட்டம்போட்ட சட்டையில் இருந்தார். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விறைப்பாக நிற்கலாமா வேண்டாமா என்று தெரியாத மாதிரி இருந்தது அவர் நின்ற நிலை. முதலாளி பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பிய பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்தார். ஒரு குட்டி எவர்சில்வர் குடம்.

ஸ்டோர்காரர் பழக்கம், முதலில் கவிழ்த்து அடியைப் பார்த்தார். முதலாளியின் பேரை அங்கே உளியால் ஆழமாக வெட்டியிருந்தார்கள். அப்பா பேரும் சேர்த்து.

"இத எவனும் சொரண்ட முடியாதுலா, அண்ணே," என்றார். குடத்தைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். பஸ் புறப்பட்டது.